ஒரே தூரத்தில் எத்தனை முழுஎண் புள்ளிகள்? பரிமாணம் ஏறும்போது கணக்கு எப்படி மாறுகிறது?

கேள்வி இதுதான்: ஆயங்கள் எல்லாமே முழு எண்களாக இருக்கும் புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஆதிப்புள்ளியிலிருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்தில் அப்படிப்பட்ட புள்ளிகள் எத்தனை? தளத்தில், அதாவது 2 பரிமாணத்தில், இதற்கு அழகான சூத்திரம் உண்டு. 3, 5, 8, 24 என்று பரிமாணம் ஏறினால் அந்தச் சூத்திரம் கூடவே வருமா?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பரிமாணம் ஏற ஏற, தோராயமான விடை எளிதாகிறது. துல்லியமான விடை கடினமாகிறது. 2, 3, 4 பரிமாணங்களில் எத்தனை புள்ளிகள் என்பதை எண்ணின் பகாக் காரணிகள் ஆட்டிவைக்கின்றன. 5-லிருந்து கோளத்தின் கன அளவே விடையின் பருமனைத் தீர்மானித்துவிடுகிறது. ஆனால் கடைசி இலக்கம் வரை சரியான விடை வேண்டுமென்றால், 8 பரிமாணம் வரைதான் நேரான பாதை. அதற்கு மேல் ராமானுஜன் திறந்துவிட்ட வேறொரு உலகத்துக்குள் போக வேண்டும்.

குறியீட்டை முடிவு செய்துகொள்வோம். பரிமாணம் ப, தூரத்தின் வர்க்கம் ந. பிதாகரஸ் தேற்றப்படி தூரத்தின் வர்க்கம் என்பது ஆயங்களுடைய வர்க்கங்களின் கூட்டல்; ஆகவே ந முழு எண்ணாக இருந்தால்தான் புள்ளியே கிடைக்கும். அந்தத் தூரத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையை எ(ப, ந) என்று எழுதுகிறேன். ஆக, கேள்வியை இப்படியும் கேட்கலாம்: ந என்ற எண்ணை ப வர்க்கங்களின் கூட்டலாக எத்தனை விதமாக எழுதலாம்? குறியும் வரிசையும் மாறினால் வேறு விதம் என்று கொள்ள வேண்டும், ஏனென்றால் அவை வேறு வேறு புள்ளிகள்.

முதலில் தளம். தூரம் 5 என்றால் ந = 25. (5, 0) வகையில் 4 புள்ளிகள், (3, 4) வகையில் 8 புள்ளிகள், ஆக 12. 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் கணிதவியலாளர் யாக்கோபியின் விதி இதை எண்ணாமலேயே சொல்லிவிடும். ந-இன் வகுத்திகளை எடுங்கள். 4-ஆல் வகுத்தால் மீதி 1 தருபவை எத்தனை, மீதி 3 தருபவை எத்தனை என்று பாருங்கள். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து 4-ஆல் பெருக்கினால் விடை. 25-இன் வகுத்திகள் 1, 5, 25; மூன்றுமே மீதி 1. எனவே 4 × 3 = 12. 65-க்கு 1, 5, 13, 65. நான்கும் மீதி 1, ஆகவே 16. 21-க்கு 1, 3, 7, 21. இரண்டு மீதி 1, இரண்டு மீதி 3, ஆகவே பூஜ்யம். √21 ஆரமுள்ள வட்டம் ஒரு முழுஎண் புள்ளியைக்கூடத் தொடாது.

தளத்தில் இந்த ஏமாற்றம் விதிவிலக்கே இல்லை, அதுதான் வழக்கம். ந பெரிதாகப் பெரிதாக, இரு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடிகிற எண்கள் அரிதாகிக்கொண்டே போகின்றன. ஓர் எல்லை வரை அப்படிப்பட்ட எண்கள் சுமார் எத்தனை என்றால், அந்த எல்லையை அதன் இயல் லாகரிதத்தின் வர்க்கமூலத்தால் வகுத்து 0.764-ஆல் பெருக்க வேண்டும். லாண்டாவ் இதை 1908-இல் நிரூபித்தார். அது தெரியாமலே ராமானுஜன், சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராக இருந்தபோது, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில் இதே 0.764-ஐக் குறித்திருந்தார். அந்த மாறிலி இன்று லாண்டாவ்–ராமானுஜன் மாறிலி எனப்படுகிறது. பெரும்பாலான வட்டங்கள் காலி என்றாலும் சராசரி குறைவதில்லை: ந-இன் எல்லா மதிப்புகளுக்கும் சேர்த்து எடுத்தால், ஒரு வட்டத்துக்குச் சராசரியாக பை, அதாவது 3.14 புள்ளிகள். நிறைய வட்டங்கள் வெறுமையாகவும் சில வட்டங்கள் நிரம்பி வழிந்தும் அந்தச் சராசரியைக் காப்பாற்றுகின்றன.

3 பரிமாணத்தில் முதல் ஆறு கோளங்களில் 6, 12, 8, 6, 24, 24 புள்ளிகள். ஏழாவதில் பூஜ்யம். காரணம் நான்கே வரியில் அடங்கும். எந்த முழு எண்ணின் வர்க்கத்தையும் 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1 அல்லது 4. இவற்றில் மூன்றை எப்படிக் கூட்டினாலும் மீதி 7 வராது. எனவே 7, 15, 23, 31 எதற்கும் புள்ளி கிடையாது. இன்னொன்று: மூன்று வர்க்கங்களின் கூட்டல் 4-ஆல் வகுபட்டால் மூன்று எண்களும் இரட்டைப்படையாகத்தான் இருக்க முடியும், ஆகவே 7-இன் 4 மடங்கான 28, 16 மடங்கான 112 போன்றவையும் போயின. இவற்றைத் தவிர வேறு எந்த எண்ணும் தப்பாது என்பது லெஜாந்தர் 1798-இல் தந்த தேற்றம். படிகங்களை எக்ஸ்-கதிரால் ஆராய்பவர்களுக்கு இது கண்ணால் பார்க்கிற உண்மை. எளிய கனசதுரப் படிகத்தின் தூள் விளிம்புவிளைவுக் கோடுகளை 1, 2, 3, 4, 5, 6 என்று வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தால் 7 இருக்க வேண்டிய இடத்தில் கோடு இருக்காது, அடுத்தது 8.

புள்ளி இருக்கிறது என்று தெரிந்தபின் எத்தனை என்று கேட்டால், 3 பரிமாணம்தான் எல்லாவற்றிலும் ஆழமானது என்பேன். கன அளவை வைத்துப் பார்த்தால் ந-க்குச் சராசரியாக 2 × பை × √ந புள்ளிகள் வர வேண்டும். உண்மையான எண்ணிக்கையோ, காஸ் 1801-இல் காட்டியபடி, இருபடி வடிவங்களின் (ax² + bxy + cy² போன்ற கோவைகளின்) வகுப்பு எண்ணோடு, அதாவது ஒரே b² − 4ac மதிப்புள்ளவை எத்தனை வேறு வகைகளாகப் பிரிகின்றன என்ற எண்ணிக்கையோடு, கட்டுண்டது. ந ஒரு பகா எண், 3-ஐவிடப் பெரியது, 8-ஆல் வகுத்தால் மீதி 3 என்றால், எ(3, ந) என்பது −ந-இன் வகுப்பு எண்ணைப் போல் 24 மடங்கு. 163-ஐ எடுங்கள். சராசரி 80 புள்ளிகளை எதிர்பார்க்கச் சொல்கிறது. ஆனால் −163-இன் வகுப்பு எண் 1. எனவே 24 புள்ளிகள்தான்: 81 + 81 + 1 என்ற ஒரே பிரிப்பு, அதாவது (9, 9, 1), குறியும் இடமும் மாறி 24. வகுப்பு எண் எவ்வளவு சிறியதாக இருக்க முடியும் என்ற கேள்வியும், ஒரு கோளத்தில் புள்ளிகள் எவ்வளவு குறைவாக இருக்க முடியும் என்ற கேள்வியும் ஒன்றே. 1935-இல் ஸீகல், 4-இன் அடுக்குகளால் வரும் சுருக்கத்தை விலக்கிவிட்டால், எண்ணிக்கை √ந-ஐ ஒட்டியே வளரும் என்று காட்டினார். ஆனால் எந்த ந-க்கு மேல் என்று கணக்கிட்டுச் சொல்லும் வழி அவருடைய நிரூபணத்தில் இல்லை. அந்தக் குறை இன்னும் முழுதாகத் தீரவில்லை. அந்தப் புள்ளிகள் கோளப் பரப்பு முழுவதும் சமமாகப் பரவுகின்றன என்பதை டியூக் 1988-இல்தான் முழுமையாக நிரூபித்தார்.

4 பரிமாணத்துக்கு வந்தால் ஒரு கோளமும் காலி இல்லை. எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களால் எழுதலாம் என்பது 1770-இல் லக்ராஞ்ச் நிரூபித்தது. எத்தனை விதம் என்பதை யாக்கோபி 1834-இல் எழுதினார்: ந-இன் வகுத்திகளில் 4-ஆல் வகுபடாதவற்றைக் கூட்டி 8-ஆல் பெருக்குங்கள். ந = 7 என்றால் 8 × (1 + 7) = 64. சரிபார்க்கலாம்: 7 = 4 + 1 + 1 + 1 மட்டுமே; 2 உட்கார 4 இடம், குறிகளுக்கு 16 வாய்ப்பு, ஆக 64.

ஆனால் காலி இல்லை என்பதை வைத்து எல்லாம் சீராகிவிட்டது என்று எண்ண வேண்டாம். ந = 1021 பகா எண்; எனவே 8 × 1022 = 8176 புள்ளிகள். அங்கிருந்து மூன்றே எண் தள்ளி ந = 1024. அதன் வகுத்திகளில் 4-ஆல் வகுபடாதவை 1-உம் 2-உம் மட்டுமே. 8 × 3 = 24 புள்ளிகள். தூரம் 32-இல் (32, 0, 0, 0) வகையில் 8, (16, 16, 16, 16) வகையில் 16, அவ்வளவுதான். நான்கு வர்க்கங்களின் கூட்டல் 8-ஆல் வகுபட்டால் நான்குமே இரட்டைப்படை என்பதால், 2-இன் அடுக்குகளில் எவ்வளவு தூரம் போனாலும் இந்த 24-தான் பெருகிப் பெருகி வரும், புதுப் புள்ளி பிறக்காது. 4 பரிமாணம் வரை இப்படி ஒரு பகா எண் தனியாகவே எண்ணிக்கையை அமுக்கிவிட முடியும்.

5-இல் அந்த அதிகாரம் போய்விடுகிறது.

அதற்குக் கன அளவைப் பார்ப்போம். ஒவ்வொரு முழுஎண் புள்ளிக்கும் ஓர் அலகுக் கனசதுரம் சொந்தம் என்று கொண்டால், ஒரு கோளத்துக்குள் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை அதன் கன அளவை நெருங்கும். √ந ஆரக் கோளத்துக்கும் √(ந+1) ஆரக் கோளத்துக்கும் இடையே வெங்காயத் தோல் போல மெல்லிய ஓடு ஒன்று இருக்கிறது. அதன் கன அளவுதான் ஒரு ந-க்குக் கிடைக்கும் சராசரிப் பங்கு. அது ந-இன் (ப/2 − 1)-ஆம் அடுக்கை ஒரு மாறிலியால் பெருக்கியது. அந்த மாறிலி 4 பரிமாணத்தில் பை-இன் வர்க்கம், 8 பரிமாணத்தில் பை⁴ ÷ 6, 24 பரிமாணத்தில் பை¹² ÷ 11!. 5 முதல் மேலே, உண்மையான எண்ணிக்கையை இந்தச் சராசரியால் வகுத்தால் வரும் விகிதம் பூஜ்யத்தை நோக்கிச் சரிவதும் இல்லை, எல்லையில்லாமல் ஏறுவதும் இல்லை. ந என்னவாக இருந்தாலும் இரு நிலையான மிகை எண்களுக்குள் அடங்கி நிற்கும். பகா எண்கள் இன்னும் பேசுகின்றன: ஒவ்வொரு பகா எண்ணும் தன் பங்குக்கு விகிதத்தைக் கொஞ்சம் ஏற்றவோ இறக்கவோ செய்கிறது. ஆனால் எல்லாப் பகா எண்களும் சேர்ந்தாலும் விகிதத்தைக் கவிழ்க்க முடியாது. ஹார்டி, ராமானுஜன், லிட்டில்வுட் ஆகியோர் வளர்த்த வட்ட முறை இந்தப் பங்குகளை எல்லாம் பெருக்கிக் கொடுக்கும் இயந்திரம். 1918-க்கும் 1920-க்கும் இடையில் ஹார்டி அதை வர்க்கங்களின் கூட்டலுக்குப் பயன்படுத்தினார்.

5 வர்க்கங்களின் கதையில் ஒரு வரலாற்றுச் செய்தி உண்டு. ஒரு எண்ணை ஐந்து வர்க்கங்களாக எத்தனை விதம் எழுதலாம் என்பதை ஐசன்ஸ்டைன் நிரூபணமில்லாமல் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைப் பிரெஞ்சு அறிவியல் அகாடமி பரிசுப் போட்டியாக அறிவித்தது. ஆக்ஸ்போர்டின் ஹென்றி ஸ்மித் 1860-களிலேயே அந்த முடிவை வெளியிட்டிருந்தார். அது அகாடமிக்குத் தெரியவில்லை. 1883-இல் பரிசு ஸ்மித்துக்கும் 18 வயது மின்கோவ்ஸ்கிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டபோது ஸ்மித் உயிரோடு இல்லை. பின்னாளில் எண்களின் வடிவியல் என்ற துறையையே மின்கோவ்ஸ்கி தொடங்கிவைத்ததற்கு இந்தக் கணக்குதான் நுழைவாயில்.

தோராய விடை எளிதாகிறது என்றேன் அல்லவா, அதற்கு இன்னொரு சான்று: கோளத்தின் மேல் என்பதற்குப் பதிலாகக் கோளத்துக்குள் மொத்தம் எத்தனை புள்ளிகள் என்று கேட்டுப் பாருங்கள். கன அளவுதான் விடை. பிழை எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஆரம் ஆ என்றால், 5 பரிமாணமும் அதற்கு மேலும் பிழையின் சரியான பருமன் ஆ-இன் (ப − 2)-ஆம் அடுக்கு என்று முடிவாகத் தெரியும். அதைவிடக் குறைய வழியும் இல்லை, ஏனென்றால் கடைசி ஒரு கோளத்தின் மேலேயே அத்தனை புள்ளிகள் உட்கார்ந்திருக்கின்றன. ஆரம் அதைத் தாண்டும் கணத்தில் எண்ணிக்கை அவ்வளவு துள்ளும். 4 பரிமாணத்தில் லாகரிதக் காரணி ஒன்று மட்டும் மிச்சம். ஆனால் நாம் கண்ணால் பார்க்கிற தளத்தில்? காஸ் எழுப்பிய வட்டச் சிக்கல் இன்றும் திறந்தே கிடக்கிறது. ஹார்டியும் லாண்டாவும் 1915-இல் அடுக்கு 1/2-க்குக் கீழே போகாது என்று காட்டினார்கள். மேலிருந்து இறங்கிவந்ததில் ஹக்ஸ்லி 2003-இல் எட்டிய 131/208 என்பது ஏறக்குறைய 0.63. அந்த இடைவெளிக்குள் உண்மை எங்கோ இருக்கிறது. 3 பரிமாணமும் இதே நிலைதான்.

இனித் துல்லியமான சூத்திரம். 8 பரிமாணத்தில் அது கண்ணைப் பறிக்கும் அளவுக்கு எளிது: ந-இன் ஒவ்வொரு வகுத்தியையும் முப்படியாக்குங்கள், ந-உம் வகுத்தியும் சேர்ந்து இரட்டைப்படையானால் கூட்டல் குறி, ஒற்றைப்படையானால் கழித்தல் குறி, மொத்தத்தை 16-ஆல் பெருக்குங்கள். ந = 10 என்றால் −1 + 8 − 125 + 1000 = 882; 16 × 882 = 14112. சராசரி மதிப்பீடு 16235. ந = 11 என்றால் 16 × 1332 = 21312, சராசரி மதிப்பீடு 21609. 6 பரிமாணத்தில் வகுத்திகளின் வர்க்கங்கள் வருகின்றன, 4-இல் வகுத்திகளே வருகின்றன, 2-இல் வகுத்திகளின் எண்ணிக்கை வருகிறது. 5, 7 போன்ற ஒற்றைப்படைப் பரிமாணங்களில் இவ்வளவு சுருக்கமாக எழுத முடியாது. 3-இல் வகுப்பு எண் வந்ததைப் போல அதன் உறவினர்கள் வருவார்கள்.

2, 4, 6, 8 என்று இவ்வளவு சீராக வந்தது 10-இல் ஏன் நிற்கிறது? எனக்கு இந்தக் கேள்வியில் மிகப் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

தீட்டா தொடர் என்று ஒன்றை எழுதுவோம்:

தீட்டா = 1 + 2க + 2க⁴ + 2க⁹ + 2க¹⁶ + …

இதில் ஒவ்வொரு வர்க்கமும் அடுக்காக வருகிறது. கெழு 2 என்பது கூட்டல் கழித்தல் குறிகளுக்காக. இந்தத் தொடரை ப முறை தன்னோடு தானே பெருக்கினால், க-இன் ந-ஆம் அடுக்கின் கெழு சரியாக எ(ப, ந). எண்ணும் வேலை முழுக்க ஒரு தொடரின் அடுக்குக்குள் அடங்கிவிட்டது. தீட்டாவுக்கு ஓர் அரிய சமச்சீர் உண்டு: அதன் மாறியைக் குறிப்பிட்ட சில வழிகளில் மாற்றினாலும் அது ஓர் எளிய காரணியோடு தன் உருவத்துக்கே திரும்பும். அந்தச் சமச்சீர் உடைய தொடர்களைத்தான் மாடுலர் வடிவங்கள் என்கிறார்கள். ஒரே எடையுள்ள (அந்த எளிய காரணியின் அடுக்கு ஒன்றாக உள்ள) மாடுலர் வடிவங்களை எல்லாம் சேர்த்தால் அது மிகச் சிறிய குடும்பம். ஒரு சில தொடர்களின் கலவையாக எல்லாவற்றையும் எழுதிவிடலாம். அந்தக் குடும்பம் இரண்டு பகுதியாகப் பிரிகிறது. முதல் பகுதி ஐசன்ஸ்டைன் தொடர்கள். அவற்றின் கெழுக்கள் வகுத்திகளின் அடுக்குக் கூட்டல்கள். இரண்டாம் பகுதி கஸ்ப் வடிவங்கள். அவற்றின் கெழுக்கள் சிறியவை, கூட்டலும் கழித்தலுமாக அலைபவை, வகுத்திகளை வைத்து நேராகச் சொல்ல முடியாதவை.

தீட்டாவின் 8-ஆம் அடுக்கு வரை இரண்டாம் பகுதி காலி. போவதற்கு வேறு இடம் இல்லாததால் தீட்டாவின் அடுக்கு ஐசன்ஸ்டைன் தொடராகவே இருந்தாக வேண்டும்; யாக்கோபியின் எளிய சூத்திரங்கள் எல்லாம் அந்த நெருக்கடியின் விளைவு. 9-இலிருந்து கஸ்ப் வடிவம் உள்ளே நுழைகிறது. 8-க்கு மேல் தீட்டாவின் எந்த அடுக்கும் முதல் பகுதிக்குள் மட்டும் அடங்காது என்று ரேங்கின் 1965-இல் நிரூபித்தார். ஆகவே 10 வர்க்கங்களுக்கும் அதற்கு மேலும் வகுத்திகளை மட்டும் கொண்ட அதே பாணிச் சூத்திரத்தைத் தேடுவது வீண். சூத்திரம் உண்டு, ஆனால் அதற்கு இரண்டு உறுப்பு: பெரிய ஐசன்ஸ்டைன் உறுப்பு, சிறிய கஸ்ப் உறுப்பு. பெரியது நாம் கன அளவை வைத்துச் சொன்னதையும் பகா எண்களின் திருத்தங்களையும் உள்ளடக்கியது. சிறியதன் பருமன் ஏறக்குறைய பெரியதன் வர்க்கமூலம்.

இதை 24 பரிமாணத்தில் பார்த்தால்தான் முழு அழகும் தெரியும். கேம்பிரிட்ஜில் இருந்த ராமானுஜன் 1916-இல் வெளியிட்ட கட்டுரை வழியே வந்த சூத்திரம் அது. அவர் ஒரு முடிவிலிப் பெருக்கலை எடுத்துக்கொண்டார்: க × (1 − க)²⁴ × (1 − க²)²⁴ × (1 − க³)²⁴ × … இதை விரித்தால் வரும் கெழுக்கள்தான் டௌ எண்கள்: 1, −24, 252, −1472, 4830, … 24 வர்க்கங்களுக்கான எண்ணிக்கை இது:

எ(24, ந) = (16 × வ + 128 × [± 259 × டௌ(ந) − 512 × டௌ(ந/2)]) ÷ 691

இதில் வ என்பது வகுத்திகளின் 11-ஆம் அடுக்குக் கூட்டல். ந இரட்டைப்படை என்றால் இரட்டை வகுத்திகளின் கூட்டலிலிருந்து ஒற்றை வகுத்திகளின் கூட்டலைக் கழிக்க வேண்டும். ± குறி ந ஒற்றைப்படையானால் கூட்டல், இரட்டைப்படையானால் கழித்தல். ந ஒற்றைப்படையாக இருக்கும்போது டௌ(ந/2) பூஜ்யம்.

ந = 1 போட்டுப் பாருங்கள். தூரம் 1-இல் 24 அச்சுகளிலும் இரு பக்கமும் ஒவ்வொன்று, ஆக 48 புள்ளிகள் என்று குழந்தைகூடச் சொல்லும். சூத்திரம்: (16 + 128 × 259) ÷ 691 = 33168 ÷ 691 = 48. இதில் 'பெரிய' உறுப்பின் பங்கு 16 ÷ 691, அதாவது 0.023. மீதி 47.977 முழுக்கச் 'சிறிய' உறுப்பு கொடுத்தது! பக்கத்தில் உள்ள கோளங்களில் ஆட்சி கஸ்ப் வடிவத்துடையது. ந = 3-இல் மொத்தம் 16192 புள்ளிகள்; பெரிய உறுப்பு ஏறக்குறைய 4102, சிறிய உறுப்பு ஏறக்குறைய 12090. ந = 10-க்கு வந்தால் நிலைமை தலைகீழ். டௌ(10) = டௌ(2) × டௌ(5) = −24 × 4830 = −115920; இப்படிப் பெருக்க முடியும் என்பதை ராமானுஜன் கண்டார், மோர்டெல் 1917-இல் நிரூபித்தார். கணக்கை முடித்தால் பெரிய உறுப்பு சுமார் 231 கோடியே 44 லட்சம், சிறிய உறுப்பு சுமார் 51 லட்சம். கூட்டினால் சரியாக 2319457632. வெறும் பத்துப் படிகளுக்குள் கஸ்ப் உறுப்பு கால் சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இதற்குப் பின் அது சுருங்கிக்கொண்டேதான் போகும் என்பதற்கு ராமானுஜன் ஓர் ஊகம் வைத்தார்: பகா எண் ஒவ்வொன்றுக்கும் டௌ-இன் அளவு, அந்தப் பகா எண்ணின் 11/2-ஆம் அடுக்கைப் போல் இரு மடங்கைத் தாண்டாது. அதை நிரூபிக்க 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டெலீன் அதற்கு அந்நூற்றாண்டின் இயற்கணித வடிவியல் முழுவதையும் துணைக்கு அழைத்தார்.

சூத்திரத்தை நம்பாமல் நீங்களே கணக்கிட்டுச் சரிபார்க்க ஒரு நேர்வழியும் இருக்கிறது. தீட்டாவின் ப-ஆம் அடுக்கை வகையிட்டு உறுப்புகளை ஒப்பிட்டால் இந்த உறவு விழும்: ச = 1, 2, 3 என்று ச² ≤ ந இருக்கும் வரை ((ப + 1) × ச² − ந) × எ(ப, ந − ச²) என்பதைக் கணக்கிட்டுக் கூட்டுங்கள்; அதை 2-ஆல் பெருக்கி ந-ஆல் வகுத்தால் எ(ப, ந). எ(ப, 0) = 1 என்பதுதான் தொடக்கம். 24 பரிமாணத்தில்:

ந = 1: 2 × (25 − 1) × 1 = 48.
ந = 2: 2 × (25 − 2) × 48 ÷ 2 = 1104.
ந = 3: 2 × (25 − 3) × 1104 ÷ 3 = 16192.
ந = 4: 2 × [(25 − 4) × 16192 + (100 − 4) × 1] ÷ 4 = 170064.

கடைசியதை நேராகவும் எண்ணலாம்: நான்கு இடங்களில் ±1 உள்ளவை 170016, ஓர் இடத்தில் ±2 உள்ளவை 48; கூட்டினால் அதே 170064. எந்தப் பரிமாணத்துக்கும் இது வேலை செய்யும், ஒவ்வொரு படியிலும் √ந உறுப்புகள்தான். எண் மட்டும் போதும் என்பவர்கள் கணினியில் ஐந்து வரி எழுதி இதையே ஓடவிடலாம்; நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். மாடுலர் வடிவங்கள் தேவைப்படுவது எண் ஏன் அப்படி இருக்கிறது என்று அறிய.

இதுவரை பேசியது சாதாரணக் கனசதுர லாட்டிஸ்; லாட்டிஸ் என்றால் ஒரே முறையில் திரும்பத் திரும்ப அடுக்கிய புள்ளிக்கூட்டம். புள்ளிகளை வேறு விதமாக அடுக்கினாலும் அதே கருவிகள் செல்லும், சில நேரம் விடை இன்னும் சுத்தமாக வரும். 8 பரிமாணத்தில் ஈ8 என்ற லாட்டிஸ் இருக்கிறது. அதில் தூரத்தின் வர்க்கம் எப்போதும் இரட்டைப்படை. 2ந வர்க்கத் தூரத்தில் உள்ள புள்ளிகள், ந-இன் வகுத்திகளின் முப்படிக் கூட்டலைப் போல் 240 மடங்கு. குறியை மாற்றும் விதிகூட இல்லை. 24 பரிமாணத்தில் ஜான் லீச் 1960-களில் கண்டது லீச் லாட்டிஸ். அதில் 2ந வர்க்கத் தூரத்தில் உள்ள புள்ளிகள்:

65520 × (ந-இன் வகுத்திகளின் 11-ஆம் அடுக்குக் கூட்டல் − டௌ(ந)) ÷ 691

ந = 1 என்றால் அடைப்புக்குள் 1 − 1 = 0. மிக அருகில் புள்ளியே இல்லாதபடி டௌ சரியாக அடித்துவிடுகிறது. அதனால்தான் இந்த லாட்டிஸில் கோளங்களை அவ்வளவு பெரிதாக வைத்து நெருக்கமாக அடுக்க முடிகிறது. ந = 2 என்றால் 2049 + 24 = 2073 = 3 × 691; எனவே 65520 × 3 = 196560. 24 பரிமாணத்தில் ஒரு கோளத்தை ஒரே நேரத்தில் தொடக்கூடிய சம அளவுக் கோளங்களின் அதிகபட்ச எண்ணிக்கையும் இதே 196560 என்று 1979-இல் நிரூபணமானது; 8 பரிமாணத்தில் அது 240. இந்த இரு லாட்டிஸ்களும்தான் தத்தம் பரிமாணத்தில் மிக நெருக்கமான அடுக்கல் என்பதை 2016-இல் வியாசோவ்ஸ்கா காட்டினார், 24-ஐ நான்கு பேரோடு சேர்ந்து. அந்த நிரூபணமும் மாடுலர் வடிவங்களால் ஆனது.

691 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அடுக்குக் கூட்டல்களின் சூத்திரங்களில் வரும் பின்னங்களுக்குப் பெர்னோலி எண்கள் என்று பெயர்; அவற்றில் 12-ஆவது −691/2730. அதன் தொகுதியில் இருப்பது இதே 691. ஐசன்ஸ்டைன் தொடரின் மாறிலி உறுப்பை 1 ஆக்கும்போது அது பகுதிக்கு வந்து உட்காருகிறது. ராமானுஜன் 1916-இலேயே, எந்த ந-க்கும் வகுத்திகளின் 11-ஆம் அடுக்குக் கூட்டலும் டௌ(ந)-உம் 691-ஆல் வகுத்தால் ஒரே மீதி தரும் என்று கண்டிருந்தார். லீச் லாட்டிஸ் அதற்கு ஒரு நிரூபணத்தைத் தானாகவே தருகிறது: 65520-ஐ 691 வகுக்காது, 691 பகா எண், புள்ளிகளின் எண்ணிக்கையோ முழு எண்ணாக இருந்தே தீர வேண்டும், ஆகவே அடைப்புக்குள் இருக்கும் வித்தியாசத்தை 691 மீதியின்றி வகுத்தாக வேண்டும்.